மனம், எண்ணம், அமைதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் பல வேடங்களில் வருகிறது: இந்த எண்ணங்களை என்ன செய்வது? கீழே உள்ள பதில்களில் உளவியல் ஆய்வுகள் காட்டியவையும், தியான மரபுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருபவையும், இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சரியென்று படுபவையும் கலந்திருக்கின்றன. மருத்துவரின் ஆலோசனைக்கு இவை மாற்றல்ல. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

மன அமைதி என்றால் மனதில் எண்ணமே இல்லாமல் இருப்பதா?

இல்லை. விழித்திருக்கும் மனிதரின் மனதில் எண்ணம் எழாமல் இருப்பது மிகவும் அரிது. நீண்ட காலம் தியானம் பழகியவர்கள் தங்களுக்கு அப்படிப்பட்ட இடைவெளிகள் வாய்ப்பதாகச் சொல்கிறார்கள். அதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அன்றாட வாழ்வில் நாம் ஏங்குகிற அமைதி அதுவல்ல. வருகிற எண்ணம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடி தளர்வதைத்தான் நான் மன அமைதி என்று புரிந்துகொள்கிறேன். அமைதியாக இருக்கும் ஒருவருக்கும் நாளைய வேலை நினைவுக்கு வரும், பழைய அவமானம் தலைகாட்டும், சிறு பொறாமைகூட எட்டிப் பார்க்கும். அவை வந்ததும் அவற்றோடு கிளம்பிப் போய்விடாமல், செய்துகொண்டிருக்கும் வேலையிலேயே இருக்க அவரால் முடிகிறது. மற்றவர்களிடமிருந்து அவர் வேறுபடுவது அந்த ஒன்றில்தான்.

ஒரு நாளைக்கு 60,000 எண்ணங்கள் வருகின்றன என்கிறார்களே, உண்மையா?

பேச்சாளர்கள் விரும்பிச் சொல்லும் எண் அது. நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் அதன் பின்னால் இல்லை. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், மூளையின் செயல்பாட்டுப் படங்களைக் கொண்டு ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மனம் தாவும் இடங்களைக் கணக்கிட்டு 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.5 தாவல்கள், விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும் பெருக்கினால் நாளொன்றுக்கு 6,000-க்குச் சற்று மேல் என்பது அவர்கள் மதிப்பீடு. எதை ஓர் எண்ணம் என்று எண்ணுவது என்பதைப் பொறுத்து இதுவும் மாறும். எண்ணிக்கையில் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலையாக இருக்கும்போது சரியாக இருக்கிறேன். சும்மா உட்கார்ந்தால்தான் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. ஏன்?

ஏனென்றால் நாம் சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போது இந்தச் செலவு சிறிதளவே கூடுகிறது, அதாவது ஓய்வு என்று நாம் நினைக்கும் நேரத்திலும் உள்ளே பெரும்பகுதி வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கிளும் அவருடைய குழுவினரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, வெளிவேலை குறையும்போது ஒன்றுசேர்ந்து சுறுசுறுப்படையும் மூளைப் பகுதிகளைச் சுட்டிக்காட்டியது. நம்மைப் பற்றி நினைப்பது, நடந்ததை நினைவுகூர்வது, நடக்கப்போவதைக் கற்பனை செய்வது, பிறர் நம்மை என்ன நினைப்பார்கள் என்று ஊகிப்பது ஆகியவற்றோடு இந்தப் பகுதிகள் தொடர்புடையவை என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரியவந்தது.

மனம் அலைவதை முழுக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. திட்டங்களும் புதிய யோசனைகளும் அங்கிருந்துதான் வருகின்றன. இருந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம், நாளின் எதிர்பாராத வேளைகளில் செல்பேசி வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. கேட்ட தருணங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த வேளைகளில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற வேலையில் மனம் ஒன்றியிருந்தவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை.

தனிமையில் வெறுமனே இருப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதை 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வு கொஞ்சம் வேடிக்கையாகவே காட்டியது. பங்கேற்றவர்கள் ஓர் அறையில் 15 நிமிடம் தனியாக, எந்தப் பொருளும் இல்லாமல் உட்கார வைக்கப்பட்டார்கள். விரும்பினால் தமக்குத் தாமே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள்.

வேண்டாத எண்ணத்தை விரட்ட விரட்ட அது வலுக்கிறதே?

அப்படித்தான் ஆகும். டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படியும், ஆனால் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்றும், மீறி நினைவு வந்தால் மணியை அடிக்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னதும், முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

வெக்னர் தந்த விளக்கம் எளிது. ஒன்றை நினைக்காமல் இருக்க வேண்டுமானால், அது வந்துவிட்டதா என்று மனதின் ஒரு பகுதி ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சோதிப்பதற்கே அந்த எண்ணம் தேவைப்படுகிறது. களைப்பும் நெருக்கடியும் கூடும்போது மனதைத் திசைதிருப்பும் முயற்சி தளர்கிறது, சோதனை மட்டும் தொடர்கிறது. அதனால்தான் மிகவும் சோர்ந்துபோன இரவில், வரவே கூடாது என்று நாம் நினைப்பது முதலில் வந்து நிற்கிறது. வந்ததை வந்ததாக ஒப்புக்கொண்டு, அதோடு வாதாடாமல் இருப்பதற்குக் குறைந்த உழைப்பே போதும்.

நடந்து முடிந்ததையே மனதில் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படி நிறுத்துவது?

இது தனியாகவும் விரிவாகவும் பார்க்க வேண்டிய கேள்வி. அமைதியைக் கெடுக்கும் மனப்பழக்கங்களில் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

பலர் கூடியிருந்த இடத்தில் ஒருவர் உங்கள் வேலையைக் குறை சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். இரவு படுத்ததும் அந்த ஒரு வாக்கியம் வருகிறது. முதலில் அவர் சொன்ன சொற்கள் மட்டும். அடுத்து, நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில். அந்தப் பதிலுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற கற்பனை, அதற்கு இன்னும் கூர்மையான ஒரு மறுமொழி. பக்கத்தில் இருந்தவர் அப்போது ஏன் சிரித்தார் என்ற சந்தேகம். அங்கிருந்து ‘என்னை ஏன் யாருமே மதிப்பதில்லை’ என்ற பெரிய கேள்வி எழுகிறது. அதற்குச் சான்றாகப் பல வருடங்களுக்கு முந்தைய, இதோடு தொடர்பே இல்லாத இன்னொரு நிகழ்ச்சி அழைத்துவரப்படுகிறது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தாடை இறுகியிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கலைந்திருக்கிறது. நாளை என்ன செய்வது என்பதில் மட்டும் ஓரடிகூட முன்னேற்றம் இல்லை.

இந்தப் பழக்கத்தை நீண்ட காலம் ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹொக்சீமா. துயரத்தையும் அதன் காரணங்களையும் சுற்றிச் சுற்றி நினைப்பவர்களுக்கு மனச்சோர்வு நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை 1991-லிருந்து அவருடைய ஆய்வுகள் தொடர்ந்து காட்டின. அசைபோடுதல் நம்மை எளிதில் ஏமாற்றுவதற்குக் காரணம், அது சிக்கலைத் தீர்க்கும் சிந்தனையின் தோற்றத்தில் வருவதுதான். ‘இன்னும் கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும்’ என்று ஒவ்வொரு சுற்றிலும் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றே ஒன்று: கடந்த ஐந்து நிமிடச் சிந்தனையிலிருந்து செய்யத்தக்க காரியம் ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருந்தால் அது சிந்தனை, தொடரலாம். இல்லையென்றால் நடப்பது அசைபோடுதல்.

அப்படித் தெரிந்துகொண்ட பிறகு, எண்ணத்தை விரட்டுவதற்குப் பதிலாக அதன் வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள், ‘ஏன் எனக்கு இப்படி’ என்ற பொதுப்படையான சிந்தனை தீங்கு செய்கிற இடத்தில், ‘நடந்தது சரியாக என்ன, அடுத்து எப்படி’ என்ற குறிப்பான சிந்தனை உதவுவதைக் காட்டுகின்றன. மேலே சொன்ன நிகழ்ச்சியில் அது இப்படி ஆகும்: அவர் சுட்டிய பிழை எது, அதில் உண்மை எவ்வளவு, காலையில் யாரிடம் எந்த ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். இன்னொரு வழி, ‘நான்’ என்பதை விட்டுவிட்டு, சொந்தப் பெயரைச் சொல்லித் தன்னிடமே பேசுவது. ஈத்தன் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான சூழலுக்கு முன் தம்மைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் குறைவாகக் கலங்கினார்கள். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் நண்பருக்கு நிதானமாக ஆலோசனை சொல்லும் நம்மால் நமக்கே அப்படிச் சொல்ல முடிவதில்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பு இல்லை.

படுக்கையில் கிடந்தபடியே இதைச் செய்ய முயல வேண்டாம். எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், இரண்டு வரி எழுதுங்கள்.

அசைபோடுவது கடந்ததைப் பற்றி. வரப்போவதைப் பற்றிய கவலைக்கு என்ன செய்வது?

கவலைக்கென்று நேரம் ஒதுக்கலாம். தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் சோதித்துப் பார்த்த முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் அரைமணி நேரம் கவலைப்படுவதற்காகவே உட்கார வேண்டும். மற்ற வேளைகளில் கவலை எழும்போது, ‘இதை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்துவிட்டுச் செய்கிற வேலைக்குத் திரும்ப வேண்டும். எண்ணத்துக்கு இடமே இல்லை என்று மறுப்பதற்கும், பிறகு வா என்று சொல்வதற்கும் மனம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ஒதுக்கிய நேரம் வரும்போது பாதிக் கவலைகள் எழுதக்கூடத் தகுதியற்றவையாகத் தெரிவதைப் பலர் கண்டிருப்பார்கள்.

முடிக்காத வேலைகள் மனதை அரிப்பதற்கும் இதே போன்ற வழி உண்டு. எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அது குறுக்கிடுவது குறைகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2018-ல் 57 பேரை வைத்து நடந்த மற்றோர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாட்களுக்கான வேலைகளை எழுதிவைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள்.

அருவருப்பான, கொடிய எண்ணங்கள் திடீரென்று வருகின்றன. நான் கெட்டவனா?

வந்த எண்ணத்தை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா ஆகிய இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாத சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவது தெரிந்தது. அன்புக்குரியவரைக் காயப்படுத்துவது, புனிதமான இடத்தில் தகாததைச் சொல்லிவிடுவது, உயரத்திலிருந்து குதிப்பது போன்றவை அவை. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ இவையேதான். வேறுபாடு, எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு கலக்குகிறது, அதைத் துரத்துவது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதில் இருந்தது. ஓர் எண்ணம் உங்களை அதிர வைக்கிறது என்றால் அது உங்கள் விழுமியங்களுக்கு எதிரானது என்றே பொருள். அதே எண்ணத்துக்காகத் திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது, மன்னிப்புக் கேட்பது என்று நாளின் பெரும்பகுதி கழிந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் அமைதியாகிவிடாதா?

ஆகாது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்ததை பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனை காட்டியது. கொட்டுவது வேறு, நம்பிக்கையான ஒருவரிடம் நிதானமாகச் சொல்வது வேறு.

நேர்மறையாகச் சிந்தித்தாலே போதும் என்கிறார்களே?

எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. ஜோன் வுட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் நடத்திய சோதனையில், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களின் மனநிலை மேலும் தாழ்ந்தது. உள்ளே நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, இல்லை என்று மனம் வாதம் தொடங்கிவிடுகிறது. அதைவிட, இருப்பதை உள்ளபடி பெயரிட்டுச் சொல்வது மேல்: ‘இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.’ முகப் படங்களைப் பார்த்து அவற்றில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்ததை மேத்யூ லீபர்மனின் 2007 ஆய்வு காட்டியது.

தியானத்தை எப்படித் தொடங்குவது? உட்கார்ந்தால் எண்ணங்கள்தான் அதிகமாகின்றன.

அதிகமாவதில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

முதுகு நிமிர்ந்து, ஆனால் விறைக்காமல், நாற்காலியிலோ தரையிலோ உட்காருங்கள். மூச்சு உங்களுக்கு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ, மூக்கின் நுனியோ வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சை மாற்ற வேண்டாம். முதல் மூச்சு தெரியும், இரண்டாவதும் தெரியும். மூன்றாவதில் ‘சரியாகத்தான் செய்கிறேனா’ என்று ஒரு குரல் எழும். அதன் பின்னால் யாருக்கோ அனுப்ப மறந்த பதில் நினைவுக்கு வரும், அந்த நபர் நினைவுக்கு வருவார், அவரோடு நடந்த பேச்சு வரும். இரண்டு நிமிடம் கழித்துத்தான் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தோம் என்பதே நினைவுக்கு வரும். பெரும்பாலோர் இந்த இடத்தில் தம்மைத் திட்டிக்கொள்கிறார்கள். உண்மையில் பயிற்சி நடந்ததே அந்த ஒரு நொடியில்தான்: அலைந்ததைக் கண்டுகொண்ட நொடி. கடிந்துகொள்ளாமல் அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் இருபது முறை அலைந்து இருபது முறை திரும்பினால், நீங்கள் இருபது முறை பயின்றிருக்கிறீர்கள். எண்ணத்தோடு போய்விடாமல் இருப்பது எப்படி என்பதை மனம் இப்படித்தான் கற்கிறது.

பதற்றம் மிகுந்த வேளைகளில் மட்டும், வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டி விடுவது உதவும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக அது தணிவதும் உடலின் இயல்பு.

தியானம் எல்லோருக்கும் ஏற்றதா?

இல்லை. கடுமையான அதிர்ச்சி அனுபவங்களைக் கடந்து வந்தவர்கள் சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது பயத்தைக் கூட்டலாம். நாட்கணக்கில் மௌனமாக இருக்கும் தீவிரப் பயிற்சிகளில் தூக்கமின்மையும் பெரும் கலக்கமும் ஏற்பட்டவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து நடந்தபடி பாதங்களின் அசைவைக் கவனிக்கலாம், அல்லது நிறுத்திவிட்டு அனுபவமுள்ளவரிடம் கேட்கலாம். தியானமே செய்யாமல், ஒழுங்கான தூக்கத்தாலும் உடற்பயிற்சியாலும் நல்ல உறவுகளாலும் நிதானமாக வாழ்பவர்கள் ஏராளம். தூக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்: ஓர் இரவு முழுக்க உறங்காதவர்களுக்கு, வேதனையூட்டும் படங்களைப் பார்த்தபோது அமிக்டலா 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தெழுந்ததை 2007-ல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

உண்மையாகவே பெருந்துன்பம் வந்திருக்கும்போது அமைதி எங்கிருந்து வரும்?

பௌத்த மரபில் இரண்டு அம்புகள் என்றொரு உவமை உண்டு. உடலில் தைத்த வலி முதல் அம்பு. அதை எண்ணிப் புலம்பியும் வெறுத்தும் நாமே எய்துகொள்வது இரண்டாவது. இந்த உவமையைத் துக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்வது கொடுமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இழப்பின் வலி முதல் அம்புதான்; அழுவது அமைதிக்கு எதிரானதல்ல. ‘நான் அன்று அங்கே இருந்திருந்தால்’, ‘இந்நேரம் நான் தேறியிருக்க வேண்டுமே’ என்பவையே இரண்டாவது அம்பின் வகை, அவற்றைக் காலப்போக்கில், அவரவர் வேகத்தில் கீழே வைக்கலாம்.

அப்படியானால் அநியாயத்தையும் அமைதியாகப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது. மன அமைதியின் பெயரால் அடங்கிப் போகச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அறிவுரை சொல்பவருக்கே வசதியானது. கொடுமை நடக்கும் வீட்டிலோ வேலையிலோ இருப்பவருக்கு முதல் தேவை பாதுகாப்பு; மூச்சுப் பயிற்சி பிறகு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

மனத்தளர்வோ எதிலும் ஆர்வமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நீடித்தால். தூக்கமும் பசியும் கெட்டு, வேலையும் உறவுகளும் பாதிக்கப்பட்டால். பிறர் கேட்காத குரல்கள் கேட்டால். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதற்கு நாள் கணக்கே இல்லை, அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவியை நாடுங்கள். மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் தியானம் தொடங்கிவிட்டோம் என்று தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய, இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் விழிப்புணர்வுப் பயிற்சி எட்டு வாரங்கள் கொண்டது. தொடங்கிப் பார்க்க விரும்புவோருக்கு அது நியாயமான அளவு. யோக மரபு மனதை அடக்க இடைவிடாத பயிற்சி, பற்றின்மை என்று இரண்டைச் சொல்கிறது. நம்மில் பலர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அமைதி வந்துவிட்டதா என்று தினமும் சோதித்துப் பார்க்கிறோம். வெள்ளைக் கரடிச் சோதனையில் பார்த்த அதே கண்காணிப்புதான் இதுவும், அதனால் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பழக்கமாக நிலைப்பதற்கு ஆகும் காலம் ஆளுக்கு ஆள் மாறுபடும்: 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், அன்றாடச் செயல் ஒன்று தானாகவே நடக்கும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆனது, நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.